நன்னம்பிக்கை முனை: ஒரு திருத்தம்

2024 நவம்பர் 21, வியாழன். கேப் டவுன்.

மாப்பிள்ளை சாயங்காலம் முழுக்க போனில் காற்றின் வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே கோடை வந்தால் தென்கிழக்குக் காற்று ஆளைத் தள்ளுமாம். நாளைக்கே போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வாஸ்கோடகாமா அந்த முனையைச் சுற்றியது 1497 நவம்பர் 22. பாடப்புத்தகத்தில் வருஷம் மட்டும்தான் இருக்கும். தேதி நானாகத் தேடி வைத்தது. மகளுக்கு ஒரே சிரிப்பு. "அவருக்குக் கப்பல் இருந்துச்சும்மா, உங்களுக்கு மூட்டுவலி இருக்கு."

நவம்பர் 22, வெள்ளி.

காலை 6 மணிக்கு இயற்கைக் காப்பகத்தின் வாசலைத் திறந்தார்கள். உள்ளே போய் முனையின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினோம். கரையெல்லாம் கடற்பாசி. நம் ஊர்ப் பாசி இல்லை. ஆள் நீளத்துக்கு, ரப்பர் குழாய் மாதிரி, குவியல் குவியலாக அழுகிக் கிடந்தது. வாடையைத் தாங்கிக்கொண்டு பெயர்ப்பலகை முன்னால் நின்று படம் எடுத்தோம்.

அப்புறம்தான் பலகையைப் படித்தேன். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்குக் கோடி என்று போட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். தென்மேற்குதான்.

"தென்முனை அகுலாஸ், அத்தை. இங்கேயிருந்து தென்கிழக்கே 150 கிலோமீட்டர் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. நான் பதில் சொல்லாமல் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

இந்தக் காப்பகத்தில் இரண்டு நாள் நடக்கிற பாதை ஒன்று உண்டு, சுமார் 34 கிலோமீட்டர். அது இளசுகளுக்கு. எங்களுடையது பலகையிலிருந்து மேலேறி, செங்குத்துப் பாறையின் விளிம்போடு கேப் பாயிண்ட் கலங்கரை விளக்கம் வரை. ஏற்றம் அதிகமில்லை. படி ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், அதுதான் தொல்லை. என் மூட்டு ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேட்டது. முகட்டில் தலை நீட்டியதும் காற்று அறைந்தது. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று இப்போதும் தெரியவில்லை.

மேலே பேருக்கு ஒரு மரம்கூட இல்லை. முழங்கால் உயரப் புதர்கள்தான்; ஊசி மாதிரியும் தோல் மாதிரியும் இலைகள். ஃபைன்போஸ் என்கிறார்கள். பாறை இடுக்கில் பெருச்சாளி அளவில் ஒரு பிராணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டாஸி என்று பெயர். யானைக்கு நெருங்கிய சொந்தமாம். மாப்பிள்ளை சொன்னபோது கேலி என்று நினைத்தேன், உண்மைதானாம்.

பாதி வழியில் இடுக்கிலே டியாஸ் கடற்கரை. கீழே வெள்ளை மணல், மேலே அண்ணாந்து பார்க்கிற பாறைச் சுவர். அவர்கள் மூவரும் மரப்படியில் இறங்கிப் போனார்கள். நான் மேலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டத்துப் பாறைகளில் உட்கார்ந்து கடல் பார்த்து வளர்ந்தவள் என்றாலும் இங்கே விளிம்புப் பக்கம் போகத் தைரியம் வரவில்லை.

பார்த்தலோமியோ டியாஸ் போகும்போது இந்த முனையைப் பார்க்கவே இல்லை. புயல் தெற்கே அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி கரையைக் கண்டபோது முனையைத் தாண்டிக் கிழக்கே வந்திருந்தார். 1488இல் திரும்புகிற வழியில்தான் கண்ணில் பட்டது. புயல் முனை என்று அவர் பெயர் வைத்ததாகவும், இந்தியாவுக்கு வழி கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் போர்ச்சுகல் ராஜா அதை நன்னம்பிக்கை முனை என்று மாற்றியதாகவும் சொல்வார்கள். 1500இல் இந்த முனைக்கு அப்பால் புயலில் சிக்கிக் கப்பலோடு போனவர் அதே டியாஸ். என்னைக் கேட்டால் பழைய பெயரையே விட்டிருக்கலாம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஏற்றிப்போன நம் ஆட்களின் கப்பல்கள் இந்த முனையைச் சுற்றித்தான் போயின. வாஸ்கோடகாமாவுக்கு ஒரு முழுப்பாடம் எடுத்தேன். இவர்களைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை.

கலங்கரை விளக்கத்துக்குக் கடைசி ஏற்றம். இழுவை ரயில் இருக்கிறது, பத்து அடிக்கு ஒருதரம் மகள் அதை ஞாபகப்படுத்தினாள். நடந்தேதான் போனேன். 1860இல் கட்டிய விளக்கு, கடல்மட்டத்திலிருந்து 238 மீட்டர் உயரம். அந்த உயரம்தான் வினை. மேகமும் மூடுபனியும் முதலில் மூடுவது உச்சியைத்தானே? கப்பலில் இருப்பவனுக்கு விளக்கு தெரியாது. 1911இல் லூசிட்டானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் கீழே பெல்லோஸ் பாறையில் மோதிய பிறகுதான் புத்தி வந்தது. (முதல் உலகப்போரில் மூழ்கடிக்கப்பட்டது வேறு லூசிட்டானியா.) 1919இல் 87 மீட்டரில் புது விளக்கு வைத்தார்கள். மேலே இருப்பது இப்போது படம் எடுக்க மட்டும்.

அங்கே ஒரு வழிகாட்டி, "இந்தப் பக்கம் அட்லாண்டிக், அந்தப் பக்கம் இந்தியப் பெருங்கடல்" என்று விரலால் கடலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். கூட்டம் நிறம் மாறுகிற இடத்தைத் தேடியது. கன்னியாகுமரியில் முக்கடலுக்கு மூன்று நிறம் காட்டுகிறவர்களைப் பார்த்தவளுக்கு இது புதிதா? பெருங்கடல்களின் எல்லையாக ஒப்புக்கொண்டிருப்பதும் அகுலாஸைத்தான். கிழக்கே தெரிந்ததெல்லாம் ஃபால்ஸ் பே, பொய் விரிகுடா. கிழக்கிலிருந்து திரும்பிய மாலுமிகள் ஹாங்க்லிப் முனையை இந்த முனை என்று நினைத்து அவசரப்பட்டு வடக்கே திரும்பி ஏமாந்ததால் வந்த பெயர். அதைக் கேட்டதும் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏமாந்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை.

புளிசாதத்தைக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட்டோம். பபூன்கள் கதவைத் திறக்கவே பழகியிருக்கின்றன. குற்றாலத்துக் குரங்குகள் இதன் முன் சாது.

நவம்பர் 23, சனி.

மூட்டு வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். பாடப்புத்தகத்தில் தப்பாக இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. "நன்னம்பிக்கை முனையைச் சுற்றி" என்றுதான் இருந்தது. "அதாவது ஆப்பிரிக்காவின் தென்முனை, நம்ம கன்னியாகுமரி மாதிரி" என்று சேர்த்தது நான். கேட்கிற பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று வருஷா வருஷம் சேர்த்தேன்.

1986 முதல் 2017 வரை என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் தென்முனை அகுலாஸ். போர்ச்சுகீசிய மொழியில் ஊசிகள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அங்கே திசைகாட்டி முள் நேர் வடக்கைக் காட்டியதாம். தேர்வில் அதற்கு மார்க் குறைத்திருந்தால், அந்த மார்க்கும் உங்களுடையதுதான்.