நடுவில் ஒரு துளை

தலைநகரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தும் நான் நுழையாத கடைகள் பல உண்டு. வாசற்கண்ணாடி வழியாக விலைப்பலகையைப் படித்துவிட்டு, எதுவும் வேண்டாதவனைப் போல நடையைக் கட்டிவிடுவது எழுத்தர் உத்தியோகத்தில் இருப்பவனுக்குத் தானே படிந்துவிடும் பழக்கம். 2012ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனமான டங்கின் டோனட்ஸ் இந்தியாவில் தன் முதற் கடையைக் கன்னாட் பிளேசில் திறந்ததாகச் செய்தித்தாளில் படித்தபோது, 'மைதாவில் ஒரு வடை, அதன்மேல் சர்க்கரை; இதற்கா இத்தனை ஆரவாரம்?' என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டியவன் நான். அப்படிப்பட்டவன் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் குடும்பத்தோடு ஒரு டோனட் கடையில் உட்கார்ந்திருந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மகள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். கைக்கடிகாரமோ பட்டுப்பாவாடையோ கேட்பாள் என்று எண்ணிய என் அறியாமையை என்னென்பது! ஹுமாயூன்பூரில் ஒரு சிறிய கடை இருக்கிறது, எந்திரம் இல்லாமல் கையாலேயே டோனட் செய்கிறார்கள், எல்லோரும் அங்கே போக வேண்டும் என்றாள். 'எல்லோரும்' என்பதை அழுத்திச் சொன்னாள். அந்தச் சொல்லுக்குள் என் தாயாரும் அடக்கம்.

அம்மா கும்பகோணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊரில் வாய் ஓயாதவர். இங்கே ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் அவருக்குப் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டாருடன் பேச இந்தி இல்லை. எங்களுடன் பேச எங்களுக்கு நேரம் இல்லை. பால்கனியில் ஒரு நாற்காலி, கையில் ஒரு ஜபமாலை, கீழே போகிற வண்டிகள். கேட்டால் 'எனக்கென்ன குறை?' என்பார். வெளியூரில் பெற்றோரை வைத்துக் காப்பாற்றும் நம்மவர் பலருக்கு இந்த விடை பழக்கமானதுதான்.

இரண்டு ஆட்டோக்களில் ஐந்து பேரும் போய் இறங்கினோம். சப்தர்ஜங் என்கிளேவை ஒட்டிய அந்தச் சந்துகளில் வடகிழக்கு மாநிலத்தார் நடத்தும் உணவுக்கடைகள் நிறைய உண்டு. எங்கள் கடையில் மொத்தம் நான்கு மேசைகள். குறுக்கே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் அடுப்பங்கரை. விலைப்பலகையை முதலில் படித்தவன் நான்தான். ஒன்று 120 ரூபாய். ஐந்து பேருக்கு ஐந்து என்று மனம் பெருக்கத் தொடங்குவதற்குள் மகன் ஆறு கேட்டுவிட்டான்.

வந்த தட்டைப் பார்த்த அம்மா, 'உளுந்துவடைக்குப் பாகு ஊற்றியிருக்கிறானா?' என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் சுவரில் எழுதியிருந்த வரலாற்றைத் தமிழாக்கி அப்பாயிக்குச் சொல்லத் தொடங்கினாள். ஹாலந்து தேசத்தார் நியூயார்க்கில் குடியேறியபோது தம்மோடு கொண்டுபோன பலகாரமாம் இது. அவர்கள் மொழியில் அதற்குப் பெயரே எண்ணெய்ப் பலகாரம் என்று பொருள்படுமாம். அப்போது துளை கிடையாது; வெறும் உருண்டை. ஹான்சன் கிரிகரி என்னும் கப்பல்காரர், 1847இல் தாமே முதன்முதலில் அதன் நடுவில் துளையிட்டதாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டாராம்.

'எதற்காகத் துளை போட்டார், சொல்லுங்கள் அப்பாயி' என்று விடுகதை போலக் கேட்டாள்.

'இதென்ன கேள்வி அம்மாடி? நடு வேக வேண்டாமா?'

விடை அதுதான். ஓரம் சிவந்தும் நடு பச்சைமாவாகவே நின்றதால்தான் கிரிகரி துளையிட்டாராம். மகள் திகைத்துப்போனாள். உளுந்து மாவை உள்ளங்கையில் தட்டிக் கட்டைவிரலால் துளையிட்டவர்கள் யாரும் இதைச் சொல்லிக்கொண்டு திரியவில்லை என்று அம்மா முணுமுணுத்தார். ஆறு மாதத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேலிப்பேச்சு அது.

அதற்குமேல் அம்மா உட்காரவில்லை. எழுந்து கண்ணாடித் தடுப்பருகே போய் நின்றுகொண்டார். உள்ளே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். மைதா, பால், வெண்ணெய், ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவு, மூடிய பாத்திரத்தில் இருமடங்காக உப்பியிருந்தது. அதைத் தட்டையாக்கி வளையங்களாக வெட்டித் தட்டில் பரப்பி, மறுபடியும் உப்பவிட்டாள். முன்பே உப்பியிருந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணெயில் நழுவவிட்டாள். அவை மூழ்காமல் பாதி மிதந்தன. ஒரு பக்கம் சிவந்ததும் இரண்டு குச்சிகளால் நெம்பித் திருப்பினாள். வெந்து வந்தவற்றின் இடுப்பைச் சுற்றி மட்டும் நிறம் மாறாத ஒரு வெள்ளைக்கோடு நின்றது. அம்மா அதைச் சுட்டிக்காட்டி, 'மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது. கனத்த மாவாக இருந்தால் முங்கிப்போகும். அந்தக் கோடு விழாது' என்றார்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவள் இதைக் கவனித்துவிட்டாள். கதவைத் திறந்து வந்து ஆங்கிலத்தில் மகளிடம் விசாரித்தாள். மகள் மொழிபெயர்த்தாள். வெள்ளைக்கோட்டைப் பற்றிப் பாட்டி சொன்னது முற்றும் சரி என்று அந்தப் பெண் வியந்தாள். அவள் ஷில்லாங்கைச் சேர்ந்தவள். காசி இனத்துப் பெண். தன் வீட்டிலும் எண்ணெய்ச்சட்டி ஓயாது என்றாள். அவள் தாய் 'புக்லேன்' என்று ஒன்று செய்வாளாம். அரிசி மாவில் வெல்லம் கலந்து தட்டி எண்ணெயில் பொரிப்பதாம்.

'அரிசி மாவும் வெல்லமுமா?' என்று அம்மா இரண்டு முறை கேட்டார். 'அதிரசம்டா தம்பி! அந்த மலையிலுமா அதிரசம் சுடுகிறார்கள்?'

அப்போதுதான் அந்தப் பெண் இயல்பாகக் கேட்டாள்: 'பாட்டியும் பலகாரம் செய்கிறவரோ?'

மகள் அதைத் தமிழில் சொன்னாள். அம்மா விடை சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அது அனுமதி கேட்கும் பார்வை. அதன் பொருள் அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அரிசி ஆலையில் கணக்கெழுதி வந்த என் தந்தையார் 1992இல் காலமானபோது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா அதிரசம் சுட்டு விற்கத் தொடங்கினார். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் மாவாக்கிச் சலித்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, இரண்டு மூன்று நாள் ஊறவிடுவார். பின்னிரவில் எழுந்து வாழையிலையில் தட்டி, நடுவில் சுண்டுவிரலால் ஒரு துளையிட்டு எண்ணெயில் போடுவார். வெந்ததை இரண்டு தட்டைக்கரண்டிகளுக்கு இடையே அழுத்தி எண்ணெயை வடிப்பார். திருமலைக் கோயில் கல்வெட்டுகள் அதிரசப்படி என்று பெருமாளுக்குப் படைத்த நைவேத்தியத்தைக் குறிப்பிடுகின்றன. அத்தகைய பண்டத்தைத் தகர டப்பாவில் அடுக்கி, சைக்கிளில் வைத்து, தேநீர்க்கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கடைக்காரர்கள் ஒன்றை 1 ரூபாய்க்கு விற்பார்கள். அம்மாவுக்கு 75 காசு. அந்தக் காசில்தான் நான் 1999இல் பி.ஏ. முடித்தேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒருநாள் சக மாணவர் நால்வரோடு ஒரு தேநீர்க்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் வெறும் டப்பாவை என்னிடம் நீட்டி, 'நேற்றையது பன்னிரண்டு நின்றுபோயிற்று, உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடு' என்றார். நண்பர்கள் என்னைப் பார்த்தார்கள். 'அம்மா இல்லை, அடுத்த வீட்டு அம்மாள் கொடுத்தனுப்புவது' என்றேன் நான். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் செய்தி அம்மாவுக்குப் போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் முதல் டப்பாவை அம்மாவே தலையில் சுமந்து போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவரும் கேட்கவில்லை.

2006இல் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, குத்தகை நெல்லில் குடும்பம் நடந்ததாகச் சம்பந்திகளிடம் சொன்னேன். எங்களுக்குக் காணி நிலமும் கிடையாது. அருகில் உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அன்றிலிருந்து என் வீட்டில் அவர் அதிரசம் என்ற சொல்லையே எடுத்ததில்லை, தீபாவளிக்குக்கூட. டோனட் கடையில் அந்தச் சொல் வாய்தவறி வந்துவிட்டது. அதற்காகத்தான் அந்தப் பார்வை.

எனக்கு நாக்கு உலர்ந்தது. நேராக மகளைப் பார்த்துச் சொன்னேன்: 'ஆமாம் என்று சொல் அம்மா. அப்பாயி அதிரசம் சுட்டு விற்றவர். ஏழு வருஷம். உன் அப்பா அதில்தான் படித்தான். அதை ஊராரிடம் மறைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்.'

மகள் உடனே மொழிபெயர்க்கவில்லை. சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டாள். மகனுக்கு இந்த நுட்பமெல்லாம் இல்லை. 'ஒரு நாளைக்கு எத்தனை அப்பாயி?' என்றான். 'கார்த்திகைக்கு முந்நூறுகூடச் சுட்டிருக்கிறேன்' என்றார் அம்மா. பிறகு இது ஒன்று என்ன விலை என்று அவனையே கேட்டார். நான் கண்ணைக் காட்டுவதற்குள் அவன் 120 என்று சொல்லிவிட்டான். அம்மா அரை நொடி வாய்க்குள் கணக்குப் போட்டார். 'நூற்றறுபது அதிரசம்' என்றார். கணக்கு மிகச் சரி. அலுவலகத்தில் எந்திரத்தைத் தட்டிப் பழகிய எனக்கு அவ்வளவு விரைவில் வந்திராது.

தம் தட்டில் இருந்ததை அவர் முழுவதும் தின்றார். மாவு நன்றாக இருக்கிறது, மேற்பாகு வெறும் இனிப்பு, சுக்கோ ஏலமோ இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண் அம்மாவின் கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் மணிக்கட்டருகே எண்ணெய் தெறித்த புள்ளிகள்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. முனிர்க்கா தாண்டியதும், 'அத்தை கையைப் பார்த்த முதல் நாளே எனக்குத் தெரியும். நெல் குத்தகையில் அப்படித் தழும்பு வருமா? நீங்கள் சொல்லட்டும் என்றிருந்தேன்' என்றாள். பத்தொன்பது ஆண்டுகள் இருந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் அம்மா பச்சரிசியும் பாகு வெல்லமும் கேட்டார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நம்மூர்ச் சரக்குக் கடையில் வாங்கி வந்தேன். முதல் ஈட்டு எண்ணெயில் பிரிந்துபோயிற்று. பாகுப்பதம் தவறிவிட்டது, கண் சரியில்லை என்று அம்மா தம்மையே திட்டிக்கொண்டார். அடுத்த முறை மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தண்ணீரில் விட்ட பாகு துளியை அவள் விரலால் உருட்டிப் பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் தட்டிய அதிரசம் நிலைத்தது. இருபதை எடுத்து ஒரு டப்பாவில் அடுக்கினார். டோனட் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று மகள் கை நீட்டினாள், நானே எடுத்துக்கொண்டேன்.

காசிப் பெண் மூடியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்த்தாள். ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டு, அப்படியே புக்லேன்தான், ஆனால் தன் தாய் நடுவில் துளையிடுவதில்லை என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். சற்று யோசித்தார்.

'மெல்லிசாகத் தட்டுவாளாயிருக்கும்' என்றார்.