மோரே வரை போன ஆயா

1964இல் ரங்கூன் துறைமுகத்தில் என் ஆயாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். பதினாறு வயதில் போட்டது. திருகு இறுகிப்போய் வரவே இல்லை. சோதனை மேசைக்குப் பின்னால் நின்றவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் பொறுமையாகத்தான் காத்திருந்தான். ஆயா தேங்காயெண்ணெய் தடவி, மெல்லத் திருகிக் கழற்றி, அவன் கையில் வைத்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். அப்பா, அம்மா, நான், தம்பி. அத்தை மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். கன்னத்தில் அப்பியிருந்த தனக்காப் பூச்சு கண்ணீர் வழிந்த இடத்தில் கோடு விட்டிருந்தது. பக்கத்தில் மாமா. அவர் பர்மியர், பள்ளிக்கூட வாத்தியார். அத்தை வரமாட்டாள் என்பது ஆயாவுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் எண்ணினாள்.

நே வின்னின் ராணுவம் 1962இல் ஆட்சியைப் பிடித்தபோது எங்கள் தெருவில் பெரிதாக எதுவும் மாறவில்லை. 1964 மார்ச்சில், அப்பா கணக்கு எழுதிய மண்டியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாது என்றார்கள். மில் ஆட்களுக்கு இட்லி விற்று ஆயா தகர டப்பாவில் சேர்த்ததெல்லாம் நூறு கியாட் தாள்கள்தான். தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். இனி இந்த ஊரில் நமக்குச் சோறு இல்லை என்று முதலில் சொன்னவள் ஆயா.

அவள் பிறந்தது உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தில். கல்யாணமான கையோடு தாத்தா மேஸ்திரி ஒருவரோடு பர்மாவுக்குப் போய்விட்டார். அவளை ஊரிலேயே இருக்கச் சொன்னார்கள். அவள் இருக்கவில்லை. கடலைக் கண்ணால் பார்த்திராத அந்தப் பெண் அடுத்த வருஷமே அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து சென்னைக்கு வந்து கப்பல் ஏறிவிட்டாள்.

1942 கதையை அவள் உட்கார்ந்து சொல்லி நான் கேட்டதில்லை. அரிசி புடைக்கும்போது, கை முறத்தில் இருக்கும்போது, துண்டு துண்டாக வரும். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் ஜப்பான்காரனின் முதல் குண்டு விழுந்தது. வீட்டைப் பூட்டவில்லை, அடுப்பை அணைக்கவில்லை, புரோம் வரைக்கும் கிடைத்த வண்டி, அங்கிருந்து அரக்கான் மலையைத் தாண்டி டவுங்குப்புக்கு நடை, தண்ணீர் இல்லை, குடித்த தண்ணீரில் காலரா, விழுந்தவர்களைத் தாண்டித் தாண்டி நடை. அப்பாவுக்கு அப்போது பத்து வயது, அத்தைக்கு ஆறு. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. என் சித்தப்பாவாகியிருக்க வேண்டியவன். இந்த இடத்தில் முறம் நின்றுவிடும். ஒரு மூங்கில் புதர், அதன் ஓரத்தில் ஈரமான சிவப்பு மண், தாத்தா கையாலேயே பறித்த குழி. மண்ணின் வாசனையைக்கூட அவள் சொல்லியிருக்கிறாள். பிறகு மறுபடியும் முறம் ஆடும்.

அந்த வருஷம் பர்மாவிலிருந்து ஓடிவந்த இந்தியர்கள் லட்சக்கணக்கானோர். வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் சரியாக எண்ணவில்லை. சிட்டகாங், கல்கத்தா என்று அலைந்து ஏப்ரலில் இவர்கள் சென்னையில் இறங்கினால், ஜப்பான்காரன் வருகிறான் என்று பயந்து சென்னையே காலியாகிக்கொண்டிருந்தது. சண்டை முடிந்ததும் குடும்பத்தை இழுத்துக்கொண்டு திரும்பவும் ரங்கூனுக்குப் போனவளும் அவள்தான்.

1964 கப்பலின் தளத்தில் தார், வாந்தி, ஙப்பி மீன் விழுது மூன்றும் கலந்து நாறியது. ஊரில் ஆயாவின் தம்பி, சின்னத் தாத்தா, மாட்டுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் 'பர்மாக்காரப் பசங்க'. ஆயா அதைக் காதில் வாங்காமல், தனக்கா போல, விளாமரப் பட்டையைக் கல்லில் இழைத்து எங்கள் கன்னங்களில் தடவிவிட்டாள். வாத்தியார் ஒருநாள் எங்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய், சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைக் காட்டினார். சபைக்குப் பெயர் எழுதிப் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். "அப்பவேவா!" என்றாள் ஆயா. அந்தச் சுவரின் பெருமையை நானும் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொட்டகைத் தரையைச் சாணி போட்டு மெழுகிய அவள் கைகள்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

இரண்டொரு வருஷம் கழித்து, தரைவழியாகப் பர்மாவுக்குத் திரும்பலாம், மணிப்பூர்ப் பக்கம் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆயா பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் விற்றாள். "எம் பொண்ணு முகத்த பாத்துட்டு வந்துடறேன் கண்ணு." சம்பா நடவுக்குப் போனவள் அறுவடைக்குத்தான் வந்தாள். மெலிந்து, காய்ச்சலோடு. எல்லையில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்படித் திருப்பப்பட்ட தமிழர்கள் எல்லை ஊரான மோரேயில் குடிசை போட்டுத் தங்கிவிட்டதை அவள் பார்த்திருந்தாள். இன்று அங்கே அங்காள பரமேஸ்வரிக்குப் பெரிய கோயில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மாவில் இருக்கும் தமூவுக்கு வியாபாரத்துக்குப் போகிறவர் ஒருவர் கையில் கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள். மறு வருஷம் பதில் வந்தது, பர்மிய எழுத்தில். அப்பா படிக்கப் படிக்க, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

2022 ஜூலையில், மோரேயிலிருந்து தமூவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது பர்மாவில் மறுபடியும் ராணுவ ஆட்சி. செய்தியைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாதையில் என் ஆயா நின்றிருக்கிறாள்.

அதற்கு வெகுகாலம் முன்பு, 1988 ஜூலையில் நே வின் பதவி விலகினான் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஆயாவுக்கு எண்பது வயது, கண் மங்கிவிட்டது. "அப்ப வழி திறந்துடுவாங்களாடா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றார் அப்பா. அவள் விடவில்லை. மோரேவுக்கு இப்போ பஸ் எங்கேயிருந்து புறப்படுது, டிக்கெட் எவ்வளவு, விசாரிச்சுட்டு வா என்று அப்பாவை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவைத்தாள்.