தோற்கும் அணியின் இரசிகை

உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் வந்துவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அர்ஜென்டினா, பாதிப் பேர் பிரேசில். நான் மட்டும் நெதர்லாந்து. காரணம் என் தாத்தா.

தாத்தா செங்கற்பட்டில் இரயில்வே ஊழியராக இருந்தவர். 1974-இல் மூனிச் நகரில் நடந்த இறுதிப் போட்டியைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. மேற்கு ஜெர்மனி வீரர் ஒருவர்கூடப் பந்தைத் தொடுவதற்கு முன்பே, யோஹான் கிரைஃப் பந்தோடு பாய்ந்து சென்று தடுக்கி வீழ்த்தப்பட, பெனால்டியில் கோலும் விழுந்துவிட்டதாம். அப்படித் தொடங்கியும் 2-1 எனத் தோற்றது நெதர்லாந்து. “அன்று முதல் நான் அவர்கள் பக்கம்” என்பார். ஊரெல்லாம் வென்றவரைக் கொண்டாட, இவர் தோற்றவரைப் பிடித்துக்கொண்டார். என் அப்பாவுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை.

1978-இல் மறுபடியும் இறுதிப் போட்டி. 1-1 என்றிருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ரென்சன்பிரிங்க் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா வென்றது. 2010-இல் ஸ்பெயினிடம் 116-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி மூன்றாம் முறையும் தோல்வி. இவற்றைத் தாத்தா சொல்லும்போது முகத்தில் வருத்தமே இராது. அந்தக் கம்பத்தை மட்டும் நேற்றுப் பட்ட அடிபோலச் சொல்வார். ஒரே ஒரு பெரிய வெற்றி உண்டு: 1988-இன் ஐரோப்பியக் கோப்பை. 1974-இல் தோற்ற அதே மூனிச் மைதானத்தில்! இதைச் சொல்லாமல் அவர் ஒருநாளும் கதையை முடித்ததில்லை.

2022-இல் நான் எட்டாம் வகுப்பு. காலிறுதியில் நெதர்லாந்தும் அர்ஜென்டினாவும் மோதுவதென்று முடிவானது. “நீ யார் பக்கம்?” என்று தோழியர் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். கேலிக்குப் பயந்து, “அர்ஜென்டினா” என்று சொல்லிவிட்டேன். ஒரு சொல்தானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆட்டம் நடந்தது டிசம்பர் 9 நள்ளிரவுக்குப் பின். மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்த அதே இரவு. மின்சாரம் போய்விட்டது. அப்பாவின் கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் தாத்தாவும் பார்த்தோம். வெளியே காற்றின் ஊளை. உள்ளே 2-0 என அர்ஜென்டினா முன்னிலை. அம்மா இருமுறை வந்து படுக்கச் சொல்லிப் போனார். பிறகு மாற்று ஆட்டக்காரராக வந்த வேகோர்ஸ்ட் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். கடைசி நொடிகளில் ஒரு ஃப்ரீ கிக். எல்லாரும் கோலை நோக்கி அடிப்பார் என்று பார்த்திருக்க, உதைத்தவர் பந்தைத் தரையோடு மெல்லத் தட்டிவிட்டார். அதை வாங்கி வேகோர்ஸ்ட் மீண்டும் கோல்! நான் போட்ட கூச்சலில் வீடே விழித்துக்கொண்டது. தாத்தா என் கையை விடவேயில்லை. அந்தக் கையின் நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

கூடுதல் நேரத்தில் கைப்பேசி அணைந்துபோனது. பெனால்டிகளில் 4-3 எனத் தோற்றதைக் காலையில் அப்பா வந்து சொன்னார். “1974-லும் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது” என்று சொல்லிவிட்டுத் தாத்தா காப்பி கேட்டார்.

திங்களன்று வகுப்பில் அர்ஜென்டினாவின் வெற்றிக்கு மிட்டாய் வழங்கினார்கள். எனக்கு இரண்டு. “நம்ம அணி ஜெயிச்சிடுச்சு!” என்று தோழி கைகுலுக்கினாள். தோல்வி அவ்வளவு வலிக்கவில்லை. அந்த மிட்டாய் வலித்தது. தின்னவும் முடியவில்லை, எறியவும் மனமில்லை. மதியம் அவளைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். “இதுக்கா இப்படி முழிச்சே?” என்று சிரித்தாள். மிட்டாயைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டாள்.

மாலையில் தாத்தாவிடமும் சொல்லி இரண்டையும் நீட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, “நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். பிறகு டம்ளர்களையும் கரண்டிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, “வா, அந்த இரண்டாவது கோலை எப்படிப் போட்டான் என்று இன்னொரு தரம் காட்டு” என்றார்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி