தூது நின்ற இரவு

தூது இலக்கியம் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் சிரிக்கும் இடம் ஒன்றுண்டு. அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்று தூது விடுதற்குரிய பத்தையும் சொல்லி முடித்ததும், "போய்ச் சேராவிட்டால் என்னங்க ஐயா?" என்று யாராவது கேட்பார்கள். இத்தனை ஆண்டுகளாக நானும் உடன் சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சென்ற ஐப்பசியில் அந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அம்மா தனியாக இருக்கிறார். நான் திருச்சியில். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அந்தப் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் தெருவில் மறுபடி விளக்கெரியப் பல வாரங்கள் ஆயின. அதன் பிறகும் அம்மா ஊரைவிட்டு வர இசையவில்லை. வற்புறுத்துவதை விட்டுவிட்டு, பின்கட்டுக் கதவில் ஒன்று, கூடத்தில் ஒன்று, நடையில் ஒன்று என மூன்று கம்பியில்லா உணரிகளைப் பொருத்தினேன். கதவு திறந்தாலும் ஆள் நடந்தாலும் என் கைப்பேசிக்குச் செய்தி வரும். கேமரா மட்டும் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை.

அன்று மாலை அடைமழை. ஆறரை மணிக்கு ஊரில் மின்சாரம் நின்றுவிட்டது, எனக்குத் தெரியாது. இரவு எட்டு மணியளவில் கைப்பேசியைப் பார்த்தேன். 'பின்கதவு மூடியுள்ளது. நடையில் அசைவில்லை.' சீக்கிரமே படுத்துவிட்டார் போலும் என்று நிம்மதியாகத் தேர்வுத்தாள் திருத்த உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் பின்கதவு திறந்தே கிடந்தது. இருட்டில் வழுக்கி விழுந்த அம்மா, எழ முடியாமல், பக்கத்து வீட்டு அத்தை டார்ச்சோடு வரும்வரை இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். "ராத்திரியில புள்ள பதறும்" என்று எனக்குச் சொல்ல விடாமல் தடுத்ததும் அவர்தான்.

மறுநாள் ஊருக்குப் போய் ஆராய்ந்தபோது உணரிகள் மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. அவற்றுக்குள் மூன்று வோல்ட் பொத்தான் மின்கலம் உண்டு. பெரும்பாலும் உறங்கி, செய்தி இருக்கும்போது மட்டும் விழிப்பதால் அது ஓராண்டுக்கு மேலும் தாங்கும். அன்றிரவும் அவை விழித்துச் சொல்லியிருக்கின்றன, கேட்கத்தான் ஆளில்லை. ஜிக்பீ முறையில் உணரியின் சொல்லை நடுக்கருவி கேட்டு ரௌட்டருக்குத் தரவேண்டும். ரௌட்டர் ஃபைபர் பெட்டிக்குத் தரவேண்டும். இம்மூன்றும் சுவர் மின்சாரத்தை நம்பியவை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் கூடத்து விளக்கும் மின்விசிறியும் மட்டுமே அதில் சேர்ந்திருந்தன. பின்கட்டு விளக்கும் ரௌட்டரின் ப்ளக் பாயிண்டும் சேரவில்லை. கைப்பேசியோ கடைசியாகக் கேட்டதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லத் தெரியாத தூது அது.

பின்கட்டு விளக்கை முதலில் இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொன்னேன். பிறகு நடுக்கருவி, ரௌட்டர், ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் ஒரு சிறு யூபிஎஸ் வாங்கினேன். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 15 வாட் இழுக்கின்றன. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி. கணக்குப்படி ஐந்தரை மணி நேரம்; இழப்புகள் போக நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சோதித்தேன். கூடமும் நடையும் பேசின. பின்கதவு பேசவில்லை.

காரணம் புரிய அரைநாள் ஆயிற்று. பின்கட்டு தொலைவில் இருப்பதால் அந்த உணரியின் சொல்லை வழியில் வாங்கிக் கடத்தியது நடையில் செருகியிருந்த ஸ்மார்ட் ப்ளக். மின்கலத்தில் ஓடும் உணரிகள் பிறர் செய்தியைச் சுமப்பதில்லை. சுவர் மின்சாரத்தில் இயங்குபவையே சுமக்கும். சுமந்தவன் மின்தடையில் விழுந்துவிட்டான். அந்த ப்ளக்கையும் இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றியபின் பின்கதவு பேசியது.

அத்தோடும் முடியவில்லை. தெருமுனைக் கம்பத்தில் இணைய நிறுவனத்தின் பெட்டி இருக்கிறது. அதுவும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதற்கு நான் பேட்டரி வைக்க முடியாது. ஆகவே பழைய மாணவர் ஒருவர் ஓர் ஏற்பாடு செய்து தந்தார். வீட்டுக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று வெளியிலுள்ள ஒரு கணினிக்குச் சொல்லும். பத்து நிமிடம் அந்தச் சொல் வராவிட்டால் அக்கணினி என்னை எழுப்பும். அமைதியாக இருப்பதும் தொடர்பு அறுந்து கிடப்பதும் என் திரையில் அதுவரை ஒன்றாகவே தெரிந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது எத்தனை பேட்டரிகளைவிடவும் முதன்மையானது என்று இப்போது நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்து கம்பிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மாவுக்கட்டுக் கையோடு திண்ணையில் இருந்த அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, கரண்டு போனா ஒரு போன் போடும்மான்னு சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே?"

எனக்கு விடை இல்லை. தினமும் அவர் நடையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததால், பேசுவது வாரம் ஒருமுறையாகக் குறைந்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

இந்த மார்கழியில் இருமுறை அந்தக் கணினி என்னை எழுப்பியது. இருமுறையும் உடனே அழைத்தேன். "விழல தம்பி, உக்காந்துதான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?" என்றார்.