பழைய வண்டியின் டக் டக் ஓசை

எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியேறிய நம்மவர் பலர் பழைய மோட்டார் வண்டிகளையே போற்றி வைத்திருக்கிறோம். இரயில்வே குமாஸ்தாவாகிய நம்மிடமும் 2003-ஆம் ஆண்டின் ஓபல் கோர்ஸா ஒன்றுண்டு. குஜராத்தின் ஹலோலில் உருவான வண்டி. 2006-இல் ஓபல் வண்டிகளின் விற்பனை இந்நாட்டில் நின்றுவிட்டமையால் உதிரிப் பாகங்கள் எளிதில் அகப்படா.

சென்ற மார்கழியில் என்ஜினிலிருந்து தையல் இயந்திரம் போன்ற ஓசை எழலாயிற்று. பட்டறைக்காரர் ஒருவர், வால்வ் லிஃப்டர்கள் எட்டையும் மாற்ற வேண்டுமெனக் கூறி, நம் மாதச் சம்பளத்தில் பாதியைக் கேட்டார். தாயாரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இவ்வண்டியே. நிறுத்தி வைக்கவும் வழியில்லை. அத்தொகையைக் கொடுக்கவும் வழியில்லை.

ஓசூர்த் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் சங்க அன்பர் ஒருவர் விளக்கினார். என்ஜின் சூடேறினால் உலோகம் விரியும். அதற்கென வால்வின் மேல் சிறிது இடைவெளி விட்டு, அவ்வப்போது அளந்து திருகாணியால் சரிசெய்வது பழைய முறை. ஹைட்ராலிக் லிஃப்டரில் அவ்வேலையை எண்ணெயே செய்கிறது. சிறு உருளைக்குள் பிஸ்டன், சுருள்வில், ஒரு குண்டு வால்வு ஆகியவை உள்ளன. உட்புகுந்த எண்ணெயைக் குண்டு திரும்ப விடாது. இடைவெளி தானே மறைகிறது. 1930-இல் வெளிவந்த பதினாறு சிலிண்டர் காடிலாக் வண்டியிலேயே இவ்வமைப்பு இருந்தது.

கசடு அடைத்தாலும் காற்றுக் குமிழி கலந்தாலும் லிஃப்டர் நிரம்பாது, ஓசை எழும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் சில நொடிகள் ஒலித்து அடங்கினால் அஞ்ச வேண்டுவதில்லை. சூடேறிய பின்னும் ஒலித்தால் முதலில் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். மட்டம் மிகக் குறைந்தாலும் மிக உயர்ந்தாலும் குமிழி உண்டாகும். அடுத்து எண்ணெய் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். அது குறைவாயின் லிஃப்டரை மாற்றிப் பயனில்லை. எண்ணெய் விளக்கு எரிந்தாலோ, உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

நம் வண்டியில் அழுத்தம் சரியாகவே இருந்தது. கையேடு கூறும் தரத்து எண்ணெயும் புதிய ஃபில்டரும் இட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறையும் மாற்றினோம். ஓசை பெரிதும் தணிந்தது. ஒரே ஒரு லிஃப்டர் மட்டும் அடங்கவில்லை. ஜே.சி. ரோடு கடைகளில் தேடி அதை மட்டும் மாற்றினோம். பட்டறைக்காரர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கே செலவாயிற்று.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்கும் செலவும் உண்டு. ஆகவே அன்பர்களே, பட்டறையில் பணத்தை எண்ணித் தருமுன், அழுத்தத்தை அளந்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.