உறைந்து நின்ற கணனி

சென்ற மாதம் புதிதாகப் பொருத்திய மேசைக்கணனி முதல் வாரத்திலேயே நின்று போகத் தொடங்கியது. அணைந்து போகவில்லை, உறைந்து நின்றது. மவுஸ் அசையாது. திரையின் மூலையிலுள்ள கடிகாரம் நின்ற நிமிடத்தையே காட்டிக் கொண்டிருக்கும். நம்லொக் விசையை அழுத்தினால் அதன் சிறு விளக்கும் மாறாது. அதுவும் மாறாவிடின், சிக்கியது ஒரு மென்பொருள் மட்டுமல்ல, முழு இயந்திரமுமே என்று கொள்ளலாம்.

பாகங்களை வாங்கிப் பொருத்தித் தந்தவன் தங்கையின் மகன். "மாமா, விண்டோஸைத் திரும்பப் போட்டால் சரிவரும்" என்றான். போட்டோம், சரிவரவில்லை. நான் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் முதற் சந்தேகம் அதன் மீதுதானே விழும்! யூபிஎஸ் ஊடாக இணைத்தும் பயனில்லை. வெப்பத்தை அளந்தோம், 60 பாகையைத் தாண்டவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் 'கேர்னல் பவர் 41' என்ற ஒரே குறிப்பு. முறையாக மூடப்படாமல் கணனி மீளத் தொடங்கியது என்பதே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. இறந்தார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் பொலிஸ் அறிக்கைகளைப் பல்லாண்டுகள் வாசித்தவனுக்கு இது புதிதல்ல.

கடைசியில் நினைவகத்தைச் சோதித்தோம். மொத்தம் நான்கு துண்டுகள். இரண்டு ஒரே பொதியில் வந்தவை; மற்ற இரண்டும் தனியாக வாங்கியவை. பெட்டிகளில் 3600 என்ற வேகம் அச்சிடப்பட்டிருந்தது. டிடிஆர்4 நினைவகத்தின் பொது நியமம் 3200 உடன் முடிகிறது. அதற்கு மேற்பட்ட வேகத்தைப் பெற பயொஸில் எக்ஸ்எம்பி என்ற தெரிவை இயக்க வேண்டும். மருமகன் அதை இயக்கியிருந்தான். ஆனால் அந்த வேகம் ஒரு பொதிக்குச் சோதித்துச் சொல்லப்பட்டது. இரு பொதிகளைச் சேர்த்து நான்கையும் செருகும்போது புரொசெசரிலுள்ள நினைவகக் கட்டுப்படுத்திக்குச் சுமை கூடுகிறது.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை யுஎஸ்பியில் இட்டு இயக்கினோம். ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள் வந்தன. ஒவ்வொரு சோடியாகச் சோதித்தால் பிழையில்லை. நான்கையும் செருகி வேகத்தை 2666 ஆகக் குறைத்ததும் இரவு முழுவதும் பிழையில்லை. உறைவும் நின்றது.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வாரத்தில்தான் 1990களிலிருந்து சேர்த்த பத்திரிகை நறுக்குகளின் ஸ்கான் பிரதிகளைப் பழைய வன்தட்டிலிருந்து இதற்கு மாற்றியிருந்தேன். காகிதங்களிற் பலவற்றைக் கறையான் தின்றுவிட்டது. பழைய தட்டை அழித்து மருமகனுக்குக் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தேன்.

பிரதி செய்யப்படும் கோப்பு நினைவகத்தின் ஊடாகவே செல்கிறது. அங்கே ஒரு பிட் புரண்டு, அது இயங்கும் கட்டளையொன்றில் அமைந்தால் கணனி உறையலாம். கோப்பொன்றில் அமைந்தால் எதுவும் உறையாது. பிழை அமைதியாகச் சேமிக்கப்படும். வெறும் எழுத்துக் கோப்பில் 3 என்ற இலக்கத்துக்கும் 7 என்ற இலக்கத்துக்கும் ஒரு பிட்தான் வேறுபாடு. 1983 என்பது 1987 ஆவதற்கு அது போதும். அந்த இரு ஆண்டுகளையும் மாற்றி எழுதினால் எமது வரலாற்றில் என்ன மிஞ்சும்?

இரு தட்டுகளிலுமுள்ள கோப்புகளின் எஸ்எச்ஏ-256 குறிகளை எடுத்து ஒப்புநோக்கினோம். பதினொரு கோப்புகள் பொருந்தவில்லை. நான்கில் பக்கத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகியிருந்தது. மற்ற ஏழும் எந்தக் குறையும் காட்டாமல் திறந்தன. அந்த ஏழும்தான் என்னைப் பயமுறுத்தின. பதினொன்றையும் பழைய தட்டிலிருந்து மீண்டும் எடுத்தோம்.

புதுக்கணனி பொருத்துவோருக்கு ஒரு வார்த்தை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நினைவகத்தை ஓரிரவு சோதிக்கும்வரை மூலத்தை அழிக்காதீர்கள். உறைவு தொல்லைதான், ஆனால் அது உறைந்திராவிட்டால் நான் எதையும் ஒப்புநோக்கியிருக்க மாட்டேன்.

மருமகன் பழைய தட்டைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை. அது என் அலுமாரியில் இருக்கிறது.