நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

பிழைப்பை நாடி வேற்றூர் சென்ற குடும்பத்தாரைக் கண்டால் உற்றார் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "அங்கே தண்ணீர் ஒத்துக்கொண்டதா?" என்பது. ஊதியமும் வீட்டு வாடகையும் அதற்குப் பிறகுதான். தண்ணீரை 'நல்ல தண்ணீர்' என்றும் 'உப்புத் தண்ணீர்' என்றும் பிரித்து வழங்குவது நம் வீடுகளின் பழைய வழக்கம். மராத்தியரும் அவ்வாறே 'கோட் பாணி' என்றும் 'காரா பாணி' என்றும் கூறுவர். காரா என்பது உப்பைக் குறிக்கும் என்றறியாத நம் பெண்மணிகள், தண்ணீரில் காரம் எப்படி வந்தது என்று முதல் நாள் திகைத்ததும் உண்டு.

மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம் முன்னோருக்கு இந்தக் கவலை அதிகமில்லை. 1892-இல் அமைந்த தான்சா ஏரியும், 1957-இல் வைதரணை ஆற்றைத் தடுத்து எழுப்பிய மோடக் சாகரும் மலைமேல் பெய்த மழையைத் தேக்கி அனுப்புவன. மண்ணுக்குள் நெடுநாள் தங்காத நீராதலால் அது மென்மையானது. சோப்பு தொட்டவுடன் நுரைக்கும். வீட்டு விலை ஏற ஏற நாம் வடக்கு நோக்கி நகர்ந்தோம். உப்பங்கழியைக் கடந்து, அரபிக்கடலோரத்து வசாய்ப் பகுதியில் குடிபுகுந்த பிறகே எங்கள் வீட்டார் தண்ணீரின் வேறுபாட்டை அறிந்தனர்.

எங்கள் குடியிருப்புக்கு வரும் நீர் இருவகை. நகராட்சிக் குழாயில் வருவது பால்கர் மாவட்டத்துச் சூர்யா ஆற்று அணையின் நீர். அது குறித்த நேரமே வரும். குறைவை நிரப்புவது ஆழ்குழாய்க் கிணறு. கோடையில் இரண்டும் மேல்தொட்டியில் கலந்துவிடும். அன்று முதலில் செய்தி சொல்வது துவரம்பருப்பு. எத்தனை விசில் வைத்தாலும் அது குழையாது. நீரிலுள்ள கால்சியம், பருப்பின் உட்பொருளாகிய பெக்டினோடு சேர்ந்து இறுகிவிடுவதே காரணம். காப்பியின் மணம் குன்றும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெண்மையாகப் படலம் படியும். துவைத்த வேட்டி விறைத்து நிற்கும்.

இங்கே மூன்று குறைகளை நாம் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறோம். கால்சியமும் மக்னீசியமும் மிகுவது கடினத்தன்மை. கடலின் உப்பு சேர்வது உவர்ப்பு. நோய்க் கிருமி கலப்பது மாசு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கடினத்தன்மையில் ஒரு பகுதி படலமாகப் படிந்து நீங்கும். உவர்ப்போ சிறிதும் குறையாது. படிகாரம் கலங்கலைத் தெளிவிக்குமே அன்றிக் கடின நீரை மென்னீராக்காது. இந்தியத் தர நிர்ணயம் 2012-இல் குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை என்றும் எல்லை வகுத்துள்ளது. கடின நீர் பாத்திரத்துக்குப் பகையே அன்றி உடலுக்கு நஞ்சன்று. கண்ணுக்குத் தெளிவாகவும் நாவுக்கு இனிமையாகவும் இருக்கும் நீரில் கிருமி இருக்கக்கூடும் என்பதே அஞ்சத்தக்கது.

உவர்ப்பின் கதை வேறு. கடலோரத்து மண்ணில் மழைநீர் இலேசானதாகையால் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை உப்பு நீரை அது தள்ளி நிறுத்தும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. ஆகவே மேலே ஓரடி இறைத்துத் தீர்த்தால், கீழே நாற்பது அடி கடல் உயர்ந்து வர வழிவிடுகிறோம். வாழைத் தோட்டங்களுக்கும் வெற்றிலைக் கொடிகளுக்கும் பெயர் பெற்ற வசாயில், கிணற்று நீரை லாரிகளில் ஏற்றி விற்றபோது கிணறுகள் உவர்த்தன. 1980-களின் இறுதியில் எழுந்த பசுமை வசாய் இயக்கம் இதை எதிர்த்தது. அதன் முன்னணியில் நின்ற பாதிரியார் பிரான்சிஸ் திப்ரிட்டோ மராத்தி எழுத்தாளர். 2020-இல் அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டின் தலைவராக வீற்றிருந்தவர்.

சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பிலும் அதே கேள்வி எழுந்தது. கிணற்று நீர் கரிக்கத் தொடங்கவே, மேலும் ஆழத் துளையிடவேண்டும் என்றனர் பலர். "நாளைக் காலை பிள்ளைகள் குளிக்க என்ன செய்வது?" என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. வசதியுள்ள வீடுகளில் சுத்திகரிப்புப் பொறி இருந்தது. ஆனால் அப்பொறி ஒரு குடம் நல்ல நீரைத் தர இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. அந்தக் குடங்களுக்காகவும் கிணறே இறைபடுகிறது. பொறி வாங்க இயலாத காவலாளியின் குடும்பம் குழாயில் வந்ததையே குடித்தது. அவரவர் வீட்டுத் தண்ணீரை அவரவர் இனிதாக்கிக்கொள்ளலாம். கீழேயுள்ள தண்ணீரோ அனைவருக்கும் ஒன்றே.

மூன்று கூட்டங்கள் நடந்தன. இறுதியில், துளையிட ஒதுக்கிய பணத்தைக் கொண்டு மொட்டை மாடி மழையை வடிகட்டி நிலத்தில் இறக்கும் குழிகள் அமைப்பது என்று சில வாக்குகள் மிகுதியால் முடிவாயிற்று. ஒரு மழைக்காலத்தில் உப்பு ஓடிவிடாது என்பதை நாங்கள் அறிவோம். இறைப்பைக் குறைத்து, ஆண்டுதோறும் நீரை இறக்கினால்தான் கடல் பின்வாங்கும்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை எளியவை. குடிநீரையும் புழங்கும் நீரையும் ஒரே தொட்டியில் கலவாதிருத்தல் வேண்டும். மேல்தொட்டியைக் காலந்தவறாது கழுவவேண்டும். பொறி வாங்குமுன் நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, குறை உப்பா கிருமியா என அறிதல் நலம். பொறியின் கழிவு நீரால் தரை கழுவலாம். பருப்பைக் குழாய் நீரில் ஊறவைத்து வேகவைத்தால் அடுப்புச் செலவும் மிஞ்சும்.

நாம் குடிக்கும் சூர்யா நீர் பழங்குடி மக்களின் நிலங்களுக்கு நடுவே பிறந்து வருவது. தங்கள் வயல்களுக்கு உரிய நீர் நகரங்களுக்குப் போவதாக அவர்கள் முறையிட்டதும் உண்டு. வந்தேறிய ஊரின் தண்ணீர் நமக்கு ஒத்துக்கொண்டதா என்று கேட்டு வாழ்ந்தோம். அந்தத் தண்ணீருக்கு நாம் ஒத்துப்போகிறோமா என்பதையும் இனி நம் குடும்பங்கள் கேட்டுக்கொள்ளட்டும்.